நில்டாவுக்காகப் போட்ட சர்க்கரை

என் மனைவி நில்டாவுக்கு முடி வெட்டும் தொழில். எல் பொல்சோனில் பாதிப் பெண்களின் தலை அவள் கையில்தான் இருந்தது. இருந்தது என்று சொல்லும்படி ஆனதற்கு நான்தான் காரணம்.

பீருக்குக் கசப்பு சேர்க்கிற ஹாப்ஸ் பூ விளைகிற ஊர் எங்களுடையது. பீர் காய்ச்சாத வீட்டைத்தான் தேட வேண்டும். நானும் தோட்டத்துக் கொட்டகையில் காய்ச்சினேன். நில்டா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள்.

"கசக்குது, கிழவா. இதுக்கா சனி ஞாயிறெல்லாம் கொட்டகையிலயே கெடக்குற?"

அவள் பிறந்தநாளுக்குள் இனிப்பாக ஒரு பீர் செய்து காட்டுவதென்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஒஸ்வால்டோ இருபது வருஷமாகக் காய்ச்சுகிறவன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விசாரித்தான்.

"குண்டா, இனிப்புக்கு என்ன போடப் போற?"

"சர்க்கரைதான். பின்ன உப்பா போடுவாங்க?"

"அதை ஈஸ்ட் தின்னுடும்டா. இனிப்பும் நிக்காது, காஸ்தான் ஏறும். பால் சர்க்கரை போடு, அதை ஈஸ்ட் தொடாது. எங்கிட்ட ஒரு பை இருக்கு, வந்து எடுத்துக்க."

போன வருஷம் ஊர்ப் போட்டியில் என் பீரை சோப்புத் தண்ணி என்று சிரித்தவன் அவன். அவனிடம் போய்க் கை நீட்டுவதா? நுரைக்காக லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை வழக்கம்போலப் போட்டேன். அதற்கு மேல் இனிப்புக்கென்று பாட்டிலுக்கு மூன்று பெரிய கரண்டி. மூடிகளை அழுத்தி, பன்னிரண்டு பாட்டில்களையும் சமையலறை அலமாரியில் அடுக்கினேன்.

எங்கள் பக்கம் ஜனவரிதான் கோடை; அந்த வெக்கையில் மூன்று வாரம் இருந்தன. பிறந்தநாளன்று நான் கறி சுட நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். "ஒண்ணு எடுத்துட்டு வா, உனக்குன்னே செஞ்சது" என்று நான்தான் அவளை அனுப்பினேன். பாட்டில் அவள் கையிலேயே வெடித்தது. வலக்கை நரம்பு அறுந்தது. வேலி தாண்டி முதலில் ஓடி வந்தவன் ஒஸ்வால்டோ. சட்டையைக் கழற்றிக் கட்டுப்போட்டான். குத்தலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

எட்டு மாதமாகியும் அவள் விரல்கள் கத்தரிக்கோலுக்கு மடங்கவில்லை. நேற்று மாத்தே இலைக் கஷாயம் குடிக்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ஒஸ்வால்டோ வேண்டாம்னு சொன்னான். கேக்காமத்தான் போட்டேன். உனக்குக் கசக்குதேன்னு..."

நில்டா இடக்கையால் வெந்நீரை ஊற்றினாள்.

"கசப்பு எனக்கு ஒரு விஷயமா, கிழவா? தினமும் குடிக்கிற இந்த மாத்தே மட்டும் இனிக்குதா? நீ கொட்டகைய விட்டுட்டு வந்து எம் பக்கத்துல உக்காரணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

இந்த எட்டு மாதமாகத் தினமும் காலையில் அவள் பக்கத்தில்தான் உட்காருகிறேன். அவளுக்குத் தலை வாரிவிட வேறு ஆள் இல்லை.