புள்ளியம்மா எடுத்த புள்ளி

தூசி என்றால் புள்ளியம்மாவுக்கு ஆகாது. வீட்டில் ஆகாது, கடையில் ஆகாது, அடுத்தவர் சட்டைக் காலரில் இருந்தாலும் ஆகாது. பேச்சுக்கு நடுவிலேயே கையை நீட்டித் தட்டிவிடுவாள். தட்டப்பட்டவர் நெளிவாரே என்றெல்லாம் யோசிக்கமாட்டாள். இந்தக் குணத்தோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வது எவ்வளவு பெரிய பாடு என்று அவள் கணவரைக் கேட்டால் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவிப் படம் போட்டுக் கொடுக்கும் கடை அவர்களுடையது. இருட்டறை அவர் ராஜ்யம். வெளியே ஜன்னலோரம், அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜை அவள் ராஜ்யம். கழுவிக் காய்ந்த நெகடிவை அதில் வைத்து, இரண்டு மூன்று முடி மட்டுமே உள்ள பிரஷை மையில் தொட்டு, ஃபிலிமில் விழுந்திருக்கும் ஊசிமுனை ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைப்பாள். அடைக்காவிட்டால் படத்தில் அது கறுப்புப் புள்ளியாக விழும். இந்த வேலையால்தான் வாடிக்கைக்காரர்கள் அவளைப் புள்ளியம்மா ஆக்கினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தருடைய மச்சத்தைக்கூட அவள் தூசி என்று நினைத்து அழித்ததில்லை. இது நமக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே எல்லோரிடமும் சொல்லுவாள்.

மேகக்காரர் அந்தக் கடைக்கு மாதம் ஒரு தடவை வருகிறவர். தொழில் வாடகைக் கார் ஓட்டுவது, அதிலும் பெரும்பாலும் விமான நிலையச் சவாரி. ஆளை இறக்கிவிட்டு அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துப் படுத்துக் குறட்டை விடுவார்கள். இவர் பழைய பெட்டி கேமராவை எடுத்துக்கொண்டு அண்ணாந்து நிற்பார். லென்ஸுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியை மாட்டுவார். அதை மாட்டினால் நீல வானம் கரும்பலகையாகிவிடும், மேகம் மட்டும் வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கும். கலரில் எடுக்கலாமே என்று ஒரு தடவை புள்ளியம்மாவின் கணவர் கேட்டதற்கு, கலரில் எடுத்தால் எல்லோரும் வானத்தைத்தான் பார்க்கிறார்கள், மேகத்தை யார் பார்க்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். கணவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போய் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புள்ளியம்மாவுக்கு மேகப் படம் என்றால் கொஞ்சம் கிலி, கொஞ்சம் கௌரவம். முகத்தில் ஒரு புள்ளி தப்பினால் முடியில், சட்டையில் எங்கேயாவது ஒளிந்துகொள்ளும். மேகத்தில் ஒளிய இடமே கிடையாது. அதனால் அவருடைய ஃபிலிம் வந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காருவாள்.

அந்த மாதம் அவர் ஒரே ஒரு சுருளோடு வந்தார். வழக்கமாக வாய் ஓயாது; இந்த மேகம் மழைக்கு, அது சும்மா வேடிக்கைக்கு என்று அளப்பார். அன்றைக்கு வாயையே திறக்கவில்லை. பன்னிரண்டு படத்தையும் சின்னதாக ஒரே தாளில் போட்டுக் காட்டியபோது, பூதக்கண்ணாடியை வாங்கிக் கடைசிப் படத்தின்மேல் வைத்துக் கால் மணி நேரம் குனிந்தே இருந்தார். பிறகு சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, பெரிய படமாக ஒன்று வேண்டும், தபாலில் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல மேகம்தான். கோபுரம்போலக் கிளம்பி, உச்சியில் பூவாக விரிந்திருந்தது. நெகடிவை மேஜையில் வைத்ததும், அந்த விரிப்பின் நட்ட நடுவில் ஒரு ஓட்டை அவள் கண்ணில் குத்தியது. பூதக்கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. ஓட்டை அடைக்கவா பூதக்கண்ணாடி? மூன்று தொடலில் காரியம் முடிந்தது. கணவர் படம் போட்டு வெளியே கொண்டுவந்தபோது மேகம் துளி மாசில்லாமல் நின்றது. இதை ஜன்னலில் மாட்டினால் கடைக்கே ஒரு களை வரும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

மேகக்காரர் படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். முதலில் பார்த்தார். பிறகு தேடினார். அவருடைய விரல் படத்தைத் தொடாமல், மேகத்தின் உச்சிக்கு மேலே அங்கும் இங்கும் அலைந்தது.

"இங்க ஒரு புள்ளி இருக்கணுமே?" என்றார்.

"தூசிண்ணா அது. நான் எடுத்துட்டேன்," என்றாள் புள்ளியம்மா. சொல்லும்போது அவளுக்கு எவ்வளவு பெருமை என்பதை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

அவர் படத்தை மேஜைமேல் வைத்தார். கோபப்படுவாரென்று பார்த்தால் அதுவும் இல்லை.

"அதுல என் பொண்ணு போறாம்மா."

கணவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். பிறகு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரே மகள். கடல் தாண்டி ஒரு வேலை கிடைத்தது. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சம்மதித்துவிட்டாள். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். கேட்கவில்லை என்பதுதான் அவருக்குக் கோபம். போகிறவள் போகட்டும், நான் வழியனுப்ப வரமாட்டேன் என்று நடுவீட்டில் நின்று சொல்லிவிட்டார். ஊரில் உள்ள பிள்ளைகளையெல்லாம் விமான நிலையத்தில் இறக்கிவிடுகிற மனிதர், சொந்த மகளை இன்னொரு டிரைவரின் காரில் ஏற்றிவிடச் சொன்னார். அவள் புறப்பட்ட பத்தாவது நிமிஷம் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். உள்ளே போக ரோஷம் விடவில்லை. வேலிக்கு வெளியே, காரை மரத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டு நின்றார். எந்த விமானம் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவளுடையது ஏறி, திரும்பி, மேகத்துக்கு முன்னால் வந்தபோது கேமராவை அமுக்கினார். சுருளில் அதுதான் கடைசி. மறுகணம் மேகம் விழுங்கிவிட்டது.

மகள் போய் நாற்பது நாள் ஆகிறது. போன் செய்தால் அம்மாவிடம் பேசுகிறாள். அப்பா என்றால் சாப்பிட்டாரா என்று கேட்பதோடு சரி. அப்பா வரவே இல்லை என்பது அவள் மனதில் கல்லாக உட்கார்ந்திருந்தது. வாயால் சொல்ல இவருக்கு வராது. அதனால்தான் படம்.

நாளைக்கு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, புள்ளியம்மா சின்னப் படங்கள் போட்ட தாளைத் தேடி எடுத்தாள். சிவப்பு வட்டத்துக்குள் பூதக்கண்ணாடியை வைத்தாள். புள்ளிக்கு இரண்டு இறக்கை இருந்தது. வால்கூட இருந்தது.

கணவர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "படத்துல கறுப்பு மையால ஒரு புள்ளி வெச்சுக் குடு. நீ வெச்சா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றாள். "நான் வைக்கிறது மை. அதுலயா அவர் பொண்ணு போனா?"

கணவர் தட்டில் சுத்தமான தண்ணீர் பிடித்து வைத்தார். நெகடிவை ஊறவைத்தால் அவள் அடைத்த மை இளகும். ஆனால் கூடவே ஃபிலிமின் மேல்தோலும் பாலாடைபோல ஊறிவிடும். பிரஷ் கொஞ்சம் அழுத்தினால் மை மட்டுமல்ல, மேகமே பெயர்ந்துவிடும். அப்புறம் விமானமும் இல்லை, வானமும் இல்லை. புள்ளியம்மா பூதக்கண்ணாடியைக் கண்ணோடு கட்டிக்கொண்டாள். அடைக்க மூன்று தொடல் போதுமாயிருந்தது. எடுக்க ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. தொடுவதும், பொறுப்பதும், தண்ணீரை மாற்றுவதும், மறுபடி தொடுவதுமாக இருந்தாள். ஒரு இறக்கை முதலில் வந்தது. பிறகு உடல். பிறகு மற்ற இறக்கை. வால் முனையில் ஒட்டியிருந்த மை மட்டும் விடவில்லை. அதற்குமேல் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. நிமிர்ந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது. கணவர் தேநீர் கொண்டுவந்து வைத்திருந்தார், அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் மேகக்காரர் புதுப் படத்தைப் பார்த்ததும் விரல் தேடாமல் நேரே போய் நின்றது. வால் கொஞ்சம் குறை என்று அவளே சொல்லிவிட்டாள். செய்த தப்பையும் முழுசாக ஒப்புக்கொண்டாள், பூதக்கண்ணாடி எடுக்காதது உள்பட. அவர் தலையை ஆட்டினார். பின்பக்கம் ஒரு வரி எழுதி அனுப்புங்களேன் என்று அவள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். படத்தைப் பார்த்தாலே புரியும் என்றார். இந்த ரோஷத்தை எந்தத் தண்ணீரில் ஊறவைப்பது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று வாரம் கழித்து அவர் போனைக் கையில் பிடித்தபடி கடைக்குள் வந்தார். மகளிடமிருந்து வந்த செய்தியை நீட்டினார். புள்ளியம்மா சத்தமாகவே படித்தாள்: "படம் வந்தது. மேகம் நல்லா இருக்கு. நடுவுல ஒரு தூசி மட்டும் விட்டுப்போச்சு. கடையில சொல்லுங்க."

தூசி விட்டுப்போனதாக இருபத்திரண்டு வருஷத்தில் வந்த முதல் புகார். ஒரு நொடி அவள் முகம் நிஜமாகவே சிவந்தது. இருட்டறை வாசலில் நின்ற கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"என்ன பதில் போட்டீங்க?" என்று கேட்டாள்.

இன்னும் போடவில்லை, என்ன போடுவதென்று தெரியவில்லை என்றார். காலையிலிருந்து நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தாராம்.

புள்ளியம்மா அவரைக் கேட்கவே இல்லை. அந்தப் போனிலேயே மகளின் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, மேஜைமேல் நிறுத்தினாள். மணி அடித்தது. "சொல்லுங்க" என்று ஒரு பெண்குரல், மரியாதையாக, தூரத்திலிருந்து.

"அது தூசி இல்லம்மா," என்றார் மேகக்காரர்.

"பின்ன என்ன?"

மேகக்காரரின் வாய் திறந்தது, மூடியது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் புள்ளியம்மா போனின் பக்கம் குனிந்தாள்.

"நான் கடையில புள்ளி எடுக்கிறவம்மா. தூசின்னா எனக்குத் தெரியாதா? அது நீ போன பிளேன். உங்கப்பா வேலிக்கு வெளியில நின்னு எடுத்தது."

அதையே தூசி என்று அவள் அடைத்த கதையைக் கணவர் எடுத்துவிடவில்லை. அந்த மட்டும் அவருக்குப் புண்ணியம். இணைப்பு போய்விட்டதோ என்று மேகக்காரர் கையை நீட்டினார்.

"அப்பா," என்றது குரல். இப்போது அது தூரத்தில் இல்லை. "நான் ஜன்னல் வழியா நம்ம காரைத் தேடிக்கிட்டே இருந்தேனேப்பா. எங்கேப்பா நின்னீங்க?"

மேகக்காரர் போனை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மரத்துக்குப் பின்னாலம்மா," என்றார். "நீ பார்த்துடக் கூடாதுன்னு."