கேட்காமல் விட்ட மூன்று கேள்விகள்

மகன் தன்மீது மனுப் போட்டிருப்பதைச் சீனியரே அவளிடம் சொன்னார். சீனியரின் சட்டப் புத்தகத்துடைய நான்காம் பதிப்பின் அடிக்குறிப்புகளை இருவரும் சரிபார்த்துக்கொண்டிருந்த மேசையில், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு யாரோ கட்சிக்காரரின் சங்கதியைப் போலச் சொன்னார்.

"பையன் கோர்ட்டுக்குப் போயிட்டான். எனக்கு முடிவெடுக்கற திறன் போயிடுச்சாம். அவனைக் காப்பாளரா போடணுமாம். இந்த வீட்டைப் பூட்டிட்டு அவன் ஊருக்குக் கூட்டிட்டுப் போகணுமாம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எப்ப மேடம்?"

"நேத்து நோட்டீஸ் வந்துச்சு. அவன் வக்கீல் நல்லாத்தான் எழுதியிருக்கான். நம்ம தலையணையையே மேற்கோள் காட்டியிருக்கான். பக்க எண்தான் தப்பு."

முதியோர் சட்டத்துக்குச் சீனியர் எழுதிய விளக்கவுரைக்கு வக்கீல்கள் வைத்த பெயர் தலையணை. தடிமன் அப்படி. அவள் ஜூனியராகச் சேர்ந்தபோது அது வெறும் கைப்பிரதி. இப்போது அவளுக்கே தலை பாதி நரைத்துவிட்டது, அவளுக்கென்று தனி அலுவலகம் வந்துவிட்டது, ஜூனியர்களும் வந்துவிட்டார்கள். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து, கூடத்து மேசையில் சீனியருக்கு எதிரே உட்காராமல் அவளால் இருக்க முடிந்ததில்லை.

புத்தகத்தின் உயிர் அதன் நான்காம் அத்தியாயம். ஒரு முதியவருக்குத் தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தெளிவு இருக்கிறதா என்று பார்க்க, இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றெல்லாம் சோதிக்காதீர்கள் என்றது அது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும்? அது கிடைத்தால் எதை இழப்பீர்கள்? அதனால் வருத்தப்படுகிறவருக்கு என்ன சொல்வீர்கள்? பதில் அவருடைய சொந்தச் சொல்லில் வரவேண்டும், அவ்வளவுதான். எடுத்துக்காட்டாக, டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாளின் பதில்கள் அப்படியே அச்சாகியிருந்தன. அவற்றைக் கேட்டு எழுதியவள் அவள்தான். சேர்ந்த புதிதில், "அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னா மேடம்..." என்று ஆரம்பித்தவளைச் சீனியர் ஒரு பார்வை பார்த்தார். "அவங்களுக்கு வாய் இருக்கு. உன் நாக்கை எடுத்து அதுல வைக்காதே." அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவள் வக்கீலானாள்.

"எனக்கு நீதான் ஆஜராகணும்," என்றார் சீனியர்.

"சரி மேடம். அப்ப முறைப்படி..." அவள் பேனாவை எடுத்தாள்.

"என்ன முறைப்படி? அந்த மூணு கேள்வியா?" சீனியர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "தையல்காரிக்கே அளவெடுக்கறியா? நான் இங்கதான் இருப்பேன். எழுதிக்கோ. முடிஞ்சுது."

அவள் பேனாவை மூடினாள். வேறு எந்தக் கட்சிக்காரரிடமும் அவள் அப்படி மூடியதில்லை. கூச்சம் என்று அப்போது நினைத்தாள். கூச்சத்துக்கு அடியில் கிடந்ததை எடுத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. சில மாதங்களாகச் சீனியர் திருத்திய பக்கங்களையே மறுபடி திருத்திக்கொண்டிருந்தார். ஒரே தீர்ப்பை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக விளக்கியிருந்தார். சமையலறைத் தொட்டியில் அடிக்கடி கரிந்த பாத்திரங்கள் ஊறிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கங்களையெல்லாம் அவள் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒழுங்காக்கிக் கொண்டுவருவாள். "இது நான் எழுதினதா?" என்று சீனியர் கேட்கும்போது, "நீங்க எழுதினதுதான் மேடம்," என்பாள். அதைக் குருபக்தி என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

விசாரணை நாளில் நீதிபதியின் அறைக்குள் சீனியர் நுழைந்ததும் நீதிபதி எழுந்து நின்றார். மகனை வழக்கப்படி வெளியே உட்காரச் சொன்னார்கள். உள்ளே நீதிபதி, சீனியர், அவள், மகன் தரப்பு இளம் வக்கீல். சீனியர் கஞ்சி போட்ட சேலையில், நீதிமன்றத்தில் வாதாடப் போகும் நாட்களைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்க புத்தகத்துலதான் நான் இந்தக் கேள்விகளைப் படிச்சேன் அம்மா," என்றார் நீதிபதி. "உங்ககிட்டயே கேக்க வேண்டியிருக்கு. தப்பா நினைக்காதீங்க."

"கேளுங்க. கேக்காம விட்டாத்தான் தப்பு."

அவள் காது மடல் சூடேறியது.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"என் வீட்லயே இருக்கணும். காலையில பின்கதவைத் திறந்தா வெயில் வந்து கால்ல விழும். அது ஒண்ணுக்காகவே இருக்கணும்."

அவள் நிமிர்ந்தாள். மூன்றாம் மாடி வீட்டில் பின்கதவு கிடையாது. கூடத்து ஜன்னல் மேற்கு பார்த்தது. அந்தக் கதவும் அந்த வெயிலும் புத்தகத்தில் அச்சான டெலிபோன் ஆபீஸ் அம்மாளுடையவை.

"அங்க தனியா இருந்தா எதை இழப்பீங்க?"

"விழுந்தா தூக்க ஆள் இருக்காது. தெரியும். ஆனா விழுந்தாலும் அது நான் நடந்து விழுந்ததா இருக்கும்."

எந்த வார்த்தை வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தியில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நிற்பவளைப் போல அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மகன் வருத்தப்படுவாரே?"

"படுவான். அவன் வருத்தம் ஒரு வருஷத்துல ஆறிடும். என்னை அங்கேருந்து எடுத்தா, எனக்கு ஆறறதுக்கு வருஷம் இல்லை."

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இளம் வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டினான். அவன் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. நான்காம் அத்தியாயத்தில் கேள்விகளைத் தாண்டி அவன் படித்திருக்கவும் மாட்டான். நீதிபதிக்கும் கேள்விகள் மட்டுமே நினைவில் இருந்தன போலும்.

"உங்க தரப்புல ஏதாவது சொல்லணுமா?" நீதிபதி அவளைக் கேட்டார்.

சொன்னால், தன் கட்சிக்காரருக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னதாகும். சொல்லாவிட்டால் சீனியர் அந்தக் கரிந்த பாத்திரங்களிடம் தனியாகத் திரும்பிப் போவார். வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றால், அதன் பொருள் நீதிபதிக்கு உடனே புரிந்துவிடும். இன்னொன்றும் இருந்தது. சீனியர் தெரிந்தே செய்திருக்கலாம். கையில் அவ்வளவு நல்ல பதில் இருக்கும்போது எந்த வக்கீல் புதிதாக ஒன்றைத் தேடுவார்? தன் ஆசையையே அந்தச் சொற்களில் ஏற்றிச் சொன்னாரா, அல்லது ஆசை போய்ச் சொற்கள் மட்டும் மிஞ்சிவிட்டனவா? இதைப் பிரித்தறியச் சீனியர் கற்றுக்கொடுத்த ஒரே கருவி அந்தக் கேள்விகள். அதைச் சீனியரிடமே எப்படி வைப்பது? நிறுத்துப் பார்க்கத் தராசையே தராசில் வைக்க முடியுமா?

சீனியரைப் பார்த்தாள். நீதிமன்றத்தில் ஜூனியர் பேசும் முறை வந்தால் பார்க்கும் அதே பார்வை.

"ஒண்ணும் இல்ல, ஐயா," என்றாள்.

மனு தள்ளுபடியானது.

தாழ்வாரத்தில் மகன் அவளைத் தூணோரம் நிறுத்தினான். அவள் ஜூனியராக இருந்தபோது அந்தக் கூடத்து மேசைக்கு அடியில் படுத்து வீட்டுப்பாடம் எழுதியவன். இப்போது அவனுக்கும் வழுக்கை விழுந்திருந்தது.

"அக்கா, போன மாசம் நான் வந்தப்ப அடுப்புல பாத்திரம் கரிஞ்சு வீடு முழுக்கப் புகை. அம்மா பக்கத்து ரூம்ல புரூஃப் பாத்துட்டு இருந்தாங்க. இருமறாங்க, ஆனா எழுந்திருக்கல. அதுக்கப்புறம்தான் நான் கோர்ட்டுக்கு வந்தேன். ஆசைப்பட்டு வரல."

"தெரியும்பா."

"அம்மா நல்லா இருக்காங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"கட்சிக்காரர் விஷயத்தை நான் வெளிய பேச முடியாது."

"நான் வக்கீலையா கேட்டேன்? அக்காவைக் கேட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். உள்ளே வக்கீலும் இல்லை, அக்காவும் இல்லை. அவனே சொன்னான், "சரி விடுங்க. அப்பீல் எல்லாம் போக மாட்டேன். அம்மாவை எதிர்த்து ஒரு தடவை நின்னதே போதும். இனிமே நீங்கதான் பாத்துக்கணும்." வண்டியை எடுக்கப் போனான்.

சீனியர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பாதியில் நின்றார்.

"அந்தம்மா நல்லா பதில் சொன்னாங்க இல்ல?"

எந்தம்மா என்று கேட்க வேண்டும். அவளால் கேட்க முடியவில்லை. சீனியர் முகத்தை அசைக்காமல் கிண்டல் செய்கிறவர். தன்னையே மூன்றாம் ஆளாக்கிப் பேசுவதும் உண்டு. உதட்டோரத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். கண்களில் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

"நல்லா சொன்னாங்க மேடம்."

"நீ சொல்லிக்குடுத்தியா?"

"இல்ல மேடம்."

"குடுக்காதே. சொல்லிக்குடுத்தா கெட்டுப்போயிடும்."

முழங்கையில் பிடி இறுகியது. அடுத்த படி எங்கே இருக்கிறது என்று சீனியரின் கால் துழாவியது. கீழே மகன் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஜெயித்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காக நின்றிருந்தான்.