மில்லியின் கை எட்டும் உயரம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து அளந்து அவளுக்கு வீட்டிலும் அதே புத்தி. மரச்சட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் இழைத்துச் சரிசெய்யாமல் விடமாட்டாள். அதனால் நாத்தனார் வைத்த பெயர் ‘மில்லி அண்ணி’. நாளடைவில் கணவரும் ‘மில்லி’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

கார் இல்லாத கார் ஷெட்தான் அவளுடைய பட்டறை. விடுமுறை நாளில் உள்ளே நுழைந்தால் பசி தாகம் தெரியாது. டேப், ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், சாய்வு பார்க்கும் ரசமட்டம் எல்லாம் மாட்டிவைக்கச் சுவரில் பலகை அடித்துக் கொடுத்தவர் கணவர். அவர் பஸ் டிரைவர், ஆள் பனைமர உயரம். தன் உயரத்துக்கு அடித்துவிட்டார். மில்லி கால்விரலில் எம்பி எம்பி எடுத்தே பழகிவிட்டாள்.

ஒரு மழை நாளில் கடைப் படியில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது தோள் எலும்பு விரிசல் விட்டது. கட்டுப் பிரித்த பிறகும் கை நெஞ்சு மட்டத்துக்கு மேல் போகவில்லை. “சின்னச் சின்ன வேலை செய்யலாம், மெல்ல மெல்ல சரியாகும்” என்றார் டாக்டர்.

அந்த ஒரு சொல் போதுமே! அன்றே ஷெட்டைத் திறந்தாள். நாத்தனாரின் புதுவீட்டுக்கென்று தொடங்கிய புத்தக அலமாரி அரைகுறையாகக் கிடந்தது. ஆனால் ஒரு சட்டத்தை அளக்க டேப் வேண்டும் என்றால் ஸ்டூலில் ஏற வேண்டியிருந்தது. கோடு போட மூலைமட்டம் வேண்டும் என்றால் மறுபடி ஏற்றம். மூன்றாம் முறை இடது கையால் ரசமட்டத்தை இழுத்தபோது அது நழுவி, காதை உரசிக்கொண்டு தரையில் விழுந்தது. அதன் கண்ணாடிக் குழல் உடையவில்லை, அவள் மனசுதான் உடைந்தது.

“உங்க தங்கச்சி அலமாரியைக் கடையிலயே வாங்கிக்கட்டும்” என்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். “எனக்கு இனி இதெல்லாம் ஒத்துவராது.”

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் மனிதர், அன்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து, திரைச்சீலை பார்க்கலாம் என்று கடை கடையாக இழுத்துப்போனாள். ஒரு முழம் துணிகூட வாங்கவில்லை. நடுநடுவே போனைப் பார்த்து, “இன்னும் ஒரே ஒரு கடை, அண்ணி” என்றாள்.

வீடு திரும்பியபோது ஷெட் திறந்திருந்தது. கணவரின் தலைமுடி, மீசை, புருவம் எல்லாம் மரத்தூள்.

“உள்ள வா மில்லி.”

வேலைமேசையை ஒட்டி, இடுப்புக்குச் சற்று மேலே ஒரு புதுப் பலகை. அதில் டேப் கொக்கியில் தொங்கியது. பக்கத்தில் ஸ்கேல், மூலைமட்டம், ரசமட்டம். பென்சிலுக்குக்கூட ஒரு துளை. அவள் நின்ற இடத்திலிருந்தே வலது கையை நீட்டினாள். தோள் முணுமுணுக்காமல் கை டேப்பில் போய் நின்றது.

“எவ்ளோ உயரம்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? என்னை அளக்கவே இல்லையே!”

“சமையல்கட்டுல பாத்தேன். உப்பு, சர்க்கரை, டீத்தூள்னு மேல் தட்டுல இருந்ததெல்லாம் ஒண்ணொண்ணா கீழ இறங்கி வந்துச்சே. எந்தத் தட்டுக்கு மேல நீ கை வைக்கலையோ, அதான் உன் உயரம்னு வந்து அடிச்சேன்.”

யாருக்கும் தெரியாமல் டப்பாக்களை இறக்கியதாக நினைத்திருந்தாள். இவர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த வீட்டில் நன்றி என்ற சொல்லை யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

“காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“உன் நாத்தனார் ‘முடிஞ்சுதா, முடிஞ்சுதா’ன்னு மெசேஜ் போட்டுப் போட்டு என் உசிரைத்தான் சாப்பிட்டா!”

“ஆமா, கால் கடுக்க நடந்தது நாங்க, சலிச்சுக்கறது அண்ணன்!” என்றாள் நாத்தனார்.

மில்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசமட்டத்தை எடுத்துப் பலகை மேல் வைத்தாள். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடியது.

“என்னங்க, சாய்ஞ்சிருக்கு.”

“பஸ் வளைவுல திரும்புதுன்னு நினைச்சுக்கோயேன்.”

“அது உங்க பஸ்ஸுல. இது என் பட்டறை.”

அவர் சிரித்துக்கொண்டே பலகையைத் தாங்கிப் பிடித்தார். அவள் ஒரு திருகாணியைக் கழற்றி, குமிழி நடுவில் வந்து நின்றதும் மறுபடி முறுக்கினாள்.

அலமாரி முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நாத்தனார் வீட்டில் அதைச் சுவரோடு நிறுத்தியபோது இடுக்கில் ஒரு தாள்கூட நுழையவில்லை. அடுத்த சில மாதங்களில் தோளும் நன்றாகத் தேறி, கை தலைக்கு மேல் போக ஆரம்பித்தது.

“இதையெல்லாம் பழைய பலகையிலேயே மேல மாட்டிடட்டுமா?” என்று கணவர் கேட்டார்.

“வேணாங்க. எல்லாம் அங்கயே இருக்கட்டும்” என்றாள் மில்லி. டேப்பை எடுத்து, அடுத்த பலகையை அளக்கக் குனிந்தாள்.