பச்சை அம்பு

டாக்டருக்கு என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை, வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார். நெஞ்சில் அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது "கனம் தூக்கக்கூடாது, மாடிப்படி ஏறக்கூடாது, கோபப்படக்கூடாது" என்று அடுக்கினார். முதல் இரண்டையும் சமாளித்துவிடலாம். மூன்றாவதைச் சொன்னபோதே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

என் தொழில் எடைமெஷின் ரிப்பேர். கடை கடையாகப் போய், மெஷினைக் கழற்றித் துடைத்து, எடை தெரிந்த கல் ஒன்றை அதன் மேல் வைத்துப் பார்ப்பேன். கல் சொல்வதும் மெஷின் சொல்வதும் ஒன்றாக இருக்கும்வரை விடமாட்டேன். நாள் முழுக்க நடந்து பழகிய காலை நாற்காலிக்கு அடியில் மடித்து வை என்றால் அது சும்மா கிடக்குமா? ஹாலிலிருந்து பால்கனிக்கு, பால்கனியிலிருந்து ஹாலுக்கு. ஃப்ரிட்ஜைத் திறப்பேன், மூடுவேன். கடிகாரம் நின்றுவிட்டதோ என்று அருகில் போய்க் காது வைத்துக் கேட்பேன்.

"தலை சுத்துதுங்க உங்களைப் பாத்தா. எங்கயாவது உட்காருங்க" என்றாள் மனைவி. உட்கார்ந்தேன், கம்ப்யூட்டர் முன்னால்.

அந்த ஆன்லைன் விளையாட்டு எனக்குப் புதிதல்ல. ஒரு குழுவாகச் சேர்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பூதத்தையும் டிராகனையும் அடிக்கிற விளையாட்டு. நான் வில்லாளி. இந்த வயதில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்தி நாளாகிவிட்டது. எங்கள் குழுவை நடத்துபவள் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண். அவளை எல்லோரும் கேப்டன் என்போம். என் மனைவியின் தம்பி, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் என் அருமை மச்சான், குழுவில் வைத்தியன். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவது அவன் வேலை. அடுத்த தெருவில்தான் இருக்கிறான். பசித்தால் எங்கள் வீட்டுக்கு வருவான். அடிக்கடி பசிக்கும்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவன்தான் என் கம்ப்யூட்டரில் ஓர் ஆட்-ஆனை, விளையாட்டோடு ஒட்டிக்கொள்கிற குட்டி புரோகிராமை, போட்டுக் கொடுத்தான். பூதம் செத்தால் கவசமோ மோதிரமோ வில்லோ கிடைக்கும். நாம் போட்டிருப்பதைவிட அது நல்லதா என்று பார்ப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும், ஒவ்வொன்றிலும் அத்தனை எண்கள். இந்த ஆட்-ஆன் இருந்தால் மவுஸைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தால் போதும். புதியதையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நல்லதென்றால் பச்சை அம்பு மேல்நோக்கி, மட்டமென்றால் சிவப்பு அம்பு கீழ்நோக்கிக் காட்டிவிடும்.

"மாமா, நீங்க எதையும் யோசிக்காதீங்க. பச்சை வந்தா போடுங்க, சிவப்பு வந்தா தூக்கிப் போடுங்க" என்றான் மச்சான்.

நானும் யோசிக்கவில்லை. பச்சை வந்ததையெல்லாம் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. நான் சாவதே இல்லை. பூதம் மிதிக்கும், நெருப்பு விழும், குழுவில் எல்லோரும் மல்லாந்து கிடப்பார்கள். நான் மட்டும் நின்றுகொண்டு அம்பு விட்டுக்கொண்டிருப்பேன். இரும்பு என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் கேப்டன் சண்டை முடிந்ததும் தொண்டையைச் செருமினாள். "இரும்பு அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சாகறதே இல்ல, ரொம்ப சந்தோஷம். ஆனா நீங்க அடிச்சா பூதமும் சாக மாட்டேங்குதே."

யாரோ சிரித்தார்கள். குருவிதான். குழுவில் இருக்கிற இன்னொரு வில்லாளி, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். குரல் கீச்சென்று இருப்பதால் குருவி. கேப்டன் தொடர்ந்தாள். "ஞாயித்துக்கிழமை மதியம் டிராகன். வில்லுக்கு ஒரே எடம்தான் இருக்கு. சனிக்கிழமை ஒத்திகையில யாரு நல்லா அடிக்கறாங்களோ அவங்க வரட்டும்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விளையாட்டுக்குப் போய் இவ்வளவு பதற்றமா என்று உங்களுக்குத் தோன்றலாம். என் கடைக்காரர்கள் ஏற்கெனவே வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வீட்டில் ஒரு குடம் தண்ணீரைக்கூட என்னைத் தூக்க விடுவதில்லை. நான் இல்லாவிட்டால் எங்காவது ஓரிடத்தில் ஒரு வேலை நின்றுபோக வேண்டும் என்று எனக்கு வெறியாகவே இருந்தது. அந்த ஓர் இடம் டிராகன் சண்டையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று முழுக்கத் தேடித் தேடிப் பச்சை அம்புகளாகச் சேர்த்தேன். புது பூட்ஸ், புதுக் கையுறை, இடுப்பில் அகலமான பெல்ட். ஒவ்வொன்றையும் மாட்ட மாட்ட அடி குறைந்துகொண்டே போனது. யோசிப்பதற்காகக் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"என்னங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல."

இது வேறு. என் கீபோர்டு பழசு, கட்டைகள் உயரமானவை, தட்டினால் தெருவுக்கே கேட்கும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தவள், இப்போது நான் தட்டுவதை நிறுத்தினால் போதும், "என்னங்க?" என்பாள். உளவு பார்ப்பது போல இருந்தது. ஒரு மனுஷன் தன் வீட்டில் நிம்மதியாக யோசிக்கக்கூட முடியாதா?

எரிச்சலில்தான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. மெஷின் மேல் சந்தேகம் என்றால் தெரிந்த கல்லை வை. விளையாட்டில் ஊருக்கு வெளியே, பழகுவதற்காக ஒரு வைக்கோல் பொம்மை நிற்கும். அதன் முன்னால் போய் நின்றேன். என் கையிலிருந்த புது வில்லால் கொஞ்ச நேரம் அடித்தேன். பிறகு, சிவப்பு அம்பு காட்டியதால் பையில் தூக்கிப் போட்டிருந்த பழைய வில்லை எடுத்து அதே பொம்மையை அடித்தேன். பழைய வில் ஏறக்குறைய இரண்டு மடங்கு அடித்தது.

மெஷின் பொய் சொல்கிறது. எத்தனை கடையில் எத்தனை மெஷினைப் பிடித்திருக்கிறேன், என் வீட்டு மெஷினை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஆட்-ஆனின் உள்ளே போனேன். அங்கே ஒரு பக்கத்தில், எந்தக் குணத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று நாமே ஏற்றி இறக்கி வைக்கலாம். அடியின் பலம், வேகம், குறி, அடி தாங்கும் உயிர். அதை வைத்துத்தான் அது பச்சையா சிவப்பா என்று முடிவு செய்கிறது. வில்லாளிக்குப் பலமும் வேகமும் உச்சத்தில் இருக்க வேண்டும். என்னுடையதில் உயிர் மட்டும் உச்சியில் நின்றது. மற்றதெல்லாம் தரையில். யாரோ வேண்டுமென்றே கையால் தள்ளி வைத்தது. அந்த யாரோ யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மச்சானும் குருவியும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளிகள்.

மதிப்புகளை மாற்றினேன். என் உடம்பில் கிடந்த அத்தனையும் ஒரே நொடியில் சிவப்பாக மாறியது. கழற்றி எறிந்துவிட்டுப் பழையதை மாட்டினேன். சனிக்கிழமை ஒத்திகையில் குருவியை அடித்துத் துவைத்துக் காயப்போட்டேன்.

"இரும்பு அண்ணே, இத்தனை நாளா எங்க இருந்தீங்க?" என்றாள் கேப்டன். "நாளைக்கு நீங்கதான்."

அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் அலைந்திருப்பேன்! எழுந்துபோய்ப் பால்கனியில் நின்று தெருவையே ஆசீர்வாதம் செய்வது போலப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்குப் பசித்தது, வந்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் அவனைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"குருவி உனக்கு என்ன குடுத்தான்?"

"என்ன மாமா?"

"நடிக்காதடா. ஆட்-ஆன்ல உயிரை மட்டும் ஏத்தி வச்சது யாரு?"

அவன் முகம் வெளுத்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். அக்கா சமையலறையில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "சத்தம் போடாதீங்க மாமா. குருவி இல்ல. அக்காதான் சொன்னா."

"உங்கக்காவா? அவளுக்கு வில்லுக்கும் விளக்குமாத்துக்கும் வித்தியாசம் தெரியாதேடா!"

"அது தெரியாது. ஆனா திரையில உங்க பொம்மை கீழ விழுந்து கெடந்தா செத்துடுச்சுன்னு தெரியும்ல. 'உங்க மாமா அதுல சாகாத மாதிரி ஏதாவது பண்ண முடியுமாடா'ன்னு கேட்டா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல."

"ஏன், செத்தா நான் கத்தறேன்னா?"

"கத்தினா பரவால்லயே மாமா. செத்தா நீங்க கீபோர்டுல இருந்து கையை எடுத்துடறீங்க. சத்தம் நின்னுடுது." அவன் என்னைப் பார்க்காமல் கம்பியைச் சுரண்டினான். "உங்களுக்கு நெஞ்சுவலி வந்த அன்னைக்கும் அப்படித்தான் நின்னுச்சாம். அப்பாடா, ஒருவழியா நிறுத்தினாருன்னு அவ நெனச்சிருக்கா. நிம்மதியா உக்காந்து டீயைக் குடிச்சு முடிச்சிருக்கா. அப்புறமாத்தான் வந்து பாத்தாளாம். அந்த டீயைப் பத்தி மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அழறா மாமா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

எனக்கு அன்றைய தினத்தில் நெஞ்சில் ஏறிய பாரம் ஞாபகம் இருக்கிறது. கூப்பிட வாய் திறந்தும் குரல் வராதது ஞாபகம் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி டீ குடித்துக்கொண்டிருந்தாள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அத்தனை "என்னங்க"வுக்கும் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். "சரி, போ, சண்டைக்கு நேரமாச்சு" என்று அவனைத் துரத்தினேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். பழைய பச்சைகளெல்லாம் பையில்தான் கிடந்தன, மாட்டினால் சாக மாட்டேன். மவுஸை அந்த அகலமான பெல்ட்டின் மேல் வைத்தேன். சிவப்பு அம்பு கீழே பார்த்தது. மாட்டினால் டிராகன் சாகாது, கேப்டன் மறுபடி தொண்டையைச் செருமுவாள். எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, பாத்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன.

"அண்ணே, ரெடியா?" என்றாள் கேப்டன்.

"ரெடி" என்றேன். பெல்ட் பையிலேயே இருந்தது. சாகாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடித்தேன் பாருங்கள், அப்படி ஓர் அடி. கீபோர்டு தடதடவென்று அதிர்ந்தது. டிராகன் பாதி உயிருக்கு வந்தபோது குழுவில் என் பெயர்தான் முதலில் நின்றது. கேப்டன் "அப்படித்தான் அண்ணே, விடாதீங்க!" என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்து டிராகன் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது. நான் ஓடினேன். மச்சான் உயிர் ஏற்றினான். போதவில்லை. என் வில்லாளி குப்புற விழுந்தான்.

என் கைகள் பழக்கத்தில் மேலே எழுந்துவிட்டன.

சமையலறையில் குழாய் நின்றது.

ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம், பிறகு அதுவும் இல்லை. இத்தனை நாளில் அவள் "என்னங்க?" என்று கேட்பதற்கு முன்னால் இருக்கிற அந்த இடைவெளியை நான் முதல் தடவையாகக் கேட்டேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது சுவர் தாண்டி எனக்குத் தெரிந்தது.

கையைத் திரும்பக் கீபோர்டில் வைத்துத் தட்ட ஆரம்பித்தேன். எதை என்று பார்க்கவில்லை. கைக்கு வந்த கட்டையையெல்லாம் தட்டினேன், சண்டையில் அடித்ததைவிட வேகமாக.

"இரும்பு அண்ணே," என்றாள் கேப்டன், "நீங்க செத்துட்டீங்க. எதுக்கு இந்தத் தட்டு தட்டறீங்க?"

குழாய் மறுபடி ஓடும் என்று காத்துக்கொண்டே தட்டினேன். ஓடவில்லை. ஹெட்போனில் திடீரென்று எல்லோரும் கூச்சலிட்டார்கள், டிராகன் விழுந்துவிட்டதாம். நான் அதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

தோளுக்குப் பின்னால் சோப்பு வாசனை வந்தது. அவள் வந்து நின்றுகொண்டிருந்தாள், எப்போது வந்தாளோ. திரையில் என் வில்லாளி குப்புறக் கிடந்தான். கீழே என் விரல்கள் பேய் பிடித்தது போல ஓடிக்கொண்டிருந்தன. அவள் அவனைப் பார்த்தாள், என் விரல்களைப் பார்த்தாள்.

பிறகு ஈரக் கையை என் கைகளின் மேல் வைத்து அழுத்தினாள்.

"போதும், நிறுத்துங்க" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."