பிறந்த வீட்டுச் சேலை

பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை, வீட்டில் ஒரு காதுகுத்துகூட இல்லை. சும்மா கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், ஏழு வருஷமாகப் பேசாத தம்பி பிச்சைமுத்து கட்டுமாவடியிலிருந்து பஸ் மாறி மாறி இலுப்பூருக்குச் சேலைப் பையோடு வந்து நின்றால், செல்வராணிக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

போன தடவையும் இப்படித்தான் வந்தான். பட்டா மாற்றக் கையெழுத்து வேண்டும் என்றான். சேலை வந்த சந்தோஷத்தில் காட்டிய இடத்திலெல்லாம் போட்டுக் கொடுத்தாள். அப்பா நிலத்தில் தனக்குப் பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

இனி மிச்சமிருப்பது அம்மா பெயரில் இருக்கும் மூன்று சென்ட் மனை. அதற்கும் அடி போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

காபி போடுகிற சாக்கில் பையையும் அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சேலையை மடிப்பு மடிப்பாக உதறினாள். உள்ளே வைத்திருந்த அட்டையைக்கூட உருவிப் பார்த்தாள். கடை பில்லைத் தவிர ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அப்போதும் அவள் நம்பவில்லை. ஆள் முன்னால் வந்து நோட்டம் பார்ப்பான், பத்திரம் பின்னால் வரும்.

பிச்சைமுத்து அவளுடைய மூட்டு வலியை விசாரித்தான். பேரப்பிள்ளைகளை விசாரித்தான். அவன் அக்கறை கூடக் கூட அவளுக்குச் சந்தேகமும் கூடியது. கடைசியில் பொறுக்க முடியாமல் அவளே கேட்டுவிட்டாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்? சொல்லிரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்குச் செய்தது தப்புதான் என்றான். பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். போன வாரம் மீமிசலில் அவனுடைய கூட்டாளி ஐயனாரின் அக்கா செத்துப்போனாள். அந்த அக்காளும் தம்பியும்கூடப் பல வருஷமாகப் பேச்சில்லாதவர்கள். செத்தவள் மேல் பிறந்த வீட்டுக் கோடித்துணியாகப் போர்த்துவதற்கு ஐயனார் மூன்று கடை ஏறி இறங்கிப் பட்டுச்சேலை எடுத்திருக்கிறான்.

"அத ஒடம்பு மேல போத்திட்டு, 'கலரு புடிச்சிருக்காக்கா'ன்னு கேட்டான். கேட்டுக்கிட்டே இருந்தான். ஒனக்கும் ஒரு நா நாந்தான கோடி எடுத்துட்டு வரணும்? அதான் இப்பவே கேட்டுப்புடலாம்னு வந்தேன்."

செல்வராணிக்குச் சுருக்கென்றது. உயிரோடு இருப்பவளுக்குக் கோடி கொண்டுவந்த தம்பி உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான் இருப்பான். திட்டத்தான் வாயெடுத்தாள். சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சேலை அவள் உதறிப் போட்டபடியே கிடந்தது. அத்தனை மடிப்பையும் பிரித்தவள் அதன் நிறம் என்னவென்று பார்க்கவே இல்லை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. சின்ன வயசிலிருந்து அவளுக்கு உயிரான நிறம். மறந்திருப்பான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேலையை மடித்துப் பையில் போட்டுக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

"கலரு புடிக்கல. பில்லு உள்ளதான் இருக்கு, மாத்திட்டு வா."

பிச்சைமுத்து அவள் சிவந்த கண்களைப் பார்த்தான். அடுத்த வாரமே மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னான்.

"வா. அதுவும் புடிக்காது" என்றாள் செல்வராணி. "இப்பக் கைய கழுவிட்டுச் சாப்புட ஒக்காரு."