ஜமுக்காளத்துச் சுணை

விடிந்ததிலிருந்து பசு வேலியோரப் பலாமரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றது. "சனியனே, இன்னிக்குன்னு பாத்தா ஒனக்கு உண்ணி கடிக்கணும்?" என்று வைதுவிட்டு, சோலையம்மாள் அதைக் கொல்லைக்கு இழுத்துப்போய்க் கட்டினாள். உண்ணி பார்க்க அவளுக்கு ஏது நேரம்! மகள் ரம்யாவைப் பெண் பார்க்கப் பெரும்பாறையிலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே வந்த இரண்டு இடமும் காபியைக் குடித்துவிட்டுப் போனதோடு சரி, பிறகு ஒரு தாக்கலும் வரவில்லை. இதுவும் தட்டிப்போனால் பண்ணைக்காட்டில் ஊர் வாயை யார் மூடுவது? துவைத்து வைத்த ஜமுக்காளத்தை விரிக்கும்போதே அவளுக்கு உள்ளங்கை அரித்தது. நல்ல சேதி வரப்போகிறது என்று அந்தப் பைத்தியக்காரி சந்தோஷப்பட்டாள்.

ஜீப்பில் மாப்பிள்ளை செல்வமுருகனும் அவன் அப்பாவும் அம்மா கந்தம்மாளும் வந்து இறங்கினார்கள். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அப்பா தொடையைத் தடவ ஆரம்பித்தார். கந்தம்மாள் வளையலைச் சரிசெய்கிற சாக்கில் முழங்கைவரை சொறிந்தாள். மாப்பிள்ளை பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு நெளிந்தான். பெண் கையால் காபி வாங்காமல் எழுந்தால் இடம் பிடிக்கவில்லை என்று ஊரே பேசும். அதனால் ஒருவரும் எழவில்லை. சோலையம்மாளின் புருஷன் சங்கிலி மட்டும் மிளகு விளைச்சலைப் பேசியபடியே, வெட்கமில்லாமல் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பசு நினைவு வந்தது. நேற்று ஜமுக்காளத்தைக் காயப்போட்ட வேலியும் நினைவு வந்தது. வேலி முழுக்கப் பூனைக்காலிக் கொடி காய்த்துக் காய்ந்து கிடக்கிறது. அந்தக் காயின் மேலிருக்கும் பூமயிர்ச் சுணை பட்டால் மலையே அரிக்கும். அடிப்பாவி! அவளுக்குத் தலையில் மடேர் மடேரென்று அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"தீவாளியிலருந்து சொல்றேன், அந்தப் பூனைக்காலிய அறுத்துப் போடுங்கன்னு! காதுல வாங்குனீங்களா?" வந்தவர்கள் முன்னால் புருஷனைப் பார்த்துக் கத்தியேவிட்டாள்.

அவ்வளவுதான். மூன்று பேரும் துள்ளி எழுந்து, இவ்வளவு நேரம் அடக்கியதற்கும் சேர்த்துப் பறபறவென்று சொறிந்தார்கள். "ஒரு கொடம் தண்ணி கொண்டாங்கம்மா!" என்று மாப்பிள்ளையின் அப்பா அலறினார்.

"தண்ணி படக் கூடாதுங்க! இன்னும் அரிக்கும்!" காபித் தட்டோடு வந்த ரம்யா, தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். இரண்டு கை நிறையப் பச்சைச் சாணியோடு திரும்பினாள்.

"அய்ய! நல்ல இடத்துக்குக் கூட்டியாந்தீங்க. கெளம்புங்க வெரசா!" கந்தம்மாள் சொறிந்துகொண்டே ஜீப்புக்கு நடந்தாள். அவள் புருஷனும் பின்னாலேயே ஓடினார். போச்சு, எல்லாம் போச்சு என்று சோலையம்மாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

வாசலைத் தாண்டப்போன செல்வமுருகனின் வலக்கையை ரம்யா பிடித்து நிறுத்தினாள். "சொறியாதீங்க, பரவிரும். சாணியில சுணை ஒட்டிக்கிட்டு வந்துரும். ஆடாம நில்லுங்க." முழங்கையிலிருந்து விரல்வரை சாணியை அப்பி, அழுத்தி வழித்தாள்.

"ஏலே, வாரியா இல்லையா?" ஜீப்பிலிருந்து கந்தம்மாள் கத்தினாள். ஹாரன் விடாமல் அடித்தது.

அவன் ஜீப்பைப் பார்த்தான். பிறகு இடது கைச் சட்டையையும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, ரம்யாவிடம் நீட்டினான்.