ஐந்து துளை பிரஸ்

என்னைக் கல்யாணம் செய்துகொள்ள டெல்மர் யோசித்தது பதினொரு நாள். தோட்டா அடைக்கும் பிரஸ் வாங்க யோசித்தது பதினொரு வாரம்.

மொன்டானாவில் மூஸ் மான் சுடும் அனுமதிச் சீட்டுக்காக இருபத்திரண்டு வருடம் குலுக்கலில் பெயர் போட்டேன். ஒருவழியாக விழுந்தது. ஒரு சீட்டு, ஒரு மூஸ். கோட்டை விட்டாலும் ஏழு வருடத்துக்கு மனுவே போட முடியாது. எனக்கு வயது அறுபத்துமூன்று, என் முழங்காலுக்கு அதைவிட அதிகம்.

சீட்டு விழுந்த அன்றே டெல்மர் மார்தட்டினான். "கடைத் தோட்டாவோட உன்னை அனுப்புவேனா? பிரஸ் வாங்கி நானே அடைச்சுத் தர்றேன், ஆர்லீன்."

அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு வேலை மட்டும் செய்யும் பிரஸ் ஒரு வகை. ஐந்து துளைத் தட்டு சுற்றிச் சுற்றி, இழுப்புக்கு ஒரு தோட்டா தள்ளும் பிரஸ் இன்னொரு வகை. காலைக் காப்பியில் முதலாவது என்பான், இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது என்பான். சிவப்புக் கம்பெனி பிரஸ்காரர்களும் நீலக் கம்பெனி பிரஸ்காரர்களும் இணையத்தில் அடித்துக்கொள்வதைத் தேவாலயத்தில்கூடப் படித்தான். பாதிரியார் பார்த்துவிட்டு, தானும் சிவப்புதான் என்றார்.

"ஏய்யா, மணிக்கு ஐநூறு தள்ளுதாமே, போருக்கா போறோம்? ஒரு மூஸுக்கு எத்தனை தோட்டா வேணும்?" என்றேன்.

"நீயே சொல்லேன்."

"ஒண்ணு போதும். உன்னை மாதிரி மரத்தைச் சுடுற ஆளா நான்?"

வாங்கியது ஐந்து துளைதான். என் பேச்சை எப்போது கேட்டிருக்கிறான்! பிரஸ்முன் உட்கார்ந்தவனிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது, கவனம் சிதறினால் கூட்டுக்குள் வெடிமருந்து விழாமல் போகும் என்று சட்டம் வேறு போட்டான். அவன் செய்ததில் இருபது தோட்டாவைச் சுட்டுப் பார்த்தேன். இருபதும் சொன்ன இடத்தில் விழுந்தன. எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் அவன் வைக்கோல் ஏற்றப் போயிருந்தான். கொட்டகையில் நானும் அந்தப் பிரஸ்ஸும் மட்டும். பதினொரு வாரம் கரித்துக்கொட்டியவள்தான், ஆனாலும் அந்தக் கைப்பிடியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. வெற்றுத் தோட்டாக் கூட்டை வைத்தேன், இழுத்தேன். தட்டு சுற்றியது. அவன் செய்வதைப் பார்த்த நினைவில் குண்டையும் வைத்து இழுத்தேன். பளபளவென்று ஒரு தோட்டா டங்கென்று பெட்டியில் விழுந்தது. அடடா, என்ன சுகம்! அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் மூஸ் என் தோட்டாவில்தான் விழ வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அக்டோபர் முழுக்க ஒரு வாலைக்கூடப் பார்க்கவில்லை. நவம்பரும் அப்படியே. சீசனின் கடைசி நாள் காலை, டெல்மரோடு சதுப்பில் நடந்தபோது, அறுபது கஜத்தில் மூஸ் நின்றது. கொட்டகை உயரம். என் தோட்டாவைப் போட்டு, மூச்சைப் பிடித்து, விசையை அழுத்தினேன்.

டப்.

சோடா மூடி திறந்த சத்தம், அவ்வளவுதான். அடுத்ததைப் போடப் போனேன். டெல்மர் பாய்ந்து என் கையைப் பிடித்தான்.

"சுடாதே! அடியில இருக்கிற கேப்பு மட்டும்தான் வெடிச்சிருக்கு. குண்டு குழல்லயே மாட்டியிருக்கும். இன்னொண்ணு சுட்டா வெடிச்சு மூஞ்சி போயிரும்!"

அவன் துப்பாக்கி இரண்டு மைல் தள்ளி வண்டியில் கிடந்தது. மூஸ் வாயில் இருந்த இலையை மென்று முடித்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாக மரங்களுக்குள் போனது.

டெல்மர் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான். "இருபத்திரண்டு வருஷம், ஆர்லீன்! மருந்து போடாம விட்டிருக்கேன் பாவி. அந்த பிரஸ்ஸை நாளைக்கே சம்மட்டியால அடிச்சு நொறுக்குறேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நொறுக்காதே. அது நீ செஞ்சதில்ல. நீ வைக்கோலுக்குப் போனப்ப நான் செஞ்சது."

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "வெளிய போனா பிரஸ் குழாய்ல இருக்கிற மருந்தைக் காலி பண்ணிட்டுப் போவேனே. பார்க்கலையா?"

"பார்க்கல."

"எத்தனை செஞ்சே?"

"ஒண்ணு."

பேண்ட்டில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு மெல்ல எழுந்தான்.

"ஆமா," என்றான். "ஒண்ணு போதும்னு நீதான் சொன்னே."